இரட்டைமலை சீனிவாசன்

ஆரணியில் பட்டு நெய்வோர் பாவின் இழைகளைக் கண்ணும் கருத்துமாகக் காப்பர். எண்ணற்ற இழைகளுள் ஒன்று அறுந்தாலும் தறியை நிறுத்தி, அதனை முடிந்த பின்னரே மேற்கொண்டு நெய்வர். ஓர் இழைதானே என்று விட்டுவிட்டால், அக்குறை சேலையின் நெடுகக் கோடாக ஓடும். வகுப்பறையும் அத்தகைய நெசவே. அங்கு ஒரு மாணவன் தனித்து நின்றால், ஏனையோர் அவனைச் சேர்த்துக்கொள்வதா, காணாதவர்போல் இருந்துவிடுவதா? இவ்வினா இன்று புதிதாக எழுந்ததன்று. கோயம்புத்தூர்க் கலாசாலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுந்தது. அன்று அங்குத் தனித்து நின்ற மாணவரே பின்னாளில் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் எனப் புகழ் பெற்றார்.

சீனிவாசன் 1859-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 7-ஆம் நாள், செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர் பிறந்த குலத்தைச் சமூகம் தீண்டத்தகாததென ஒதுக்கி வைத்திருந்தது. பொதுக் கிணற்றில் நீர் முகத்தலும், சில வீதிகளில் நடத்தலும் அக்குலத்தார்க்கு மறுக்கப்பட்டிருந்த காலம் அது. அத்தகைய சூழலிலும் சீனிவாசன் கல்வியை விடாது பற்றினார்.

கோயம்புத்தூர்க் கலாசாலையில் அவர் பயின்றபோது, ஏறத்தாழ 400 மாணவர் அங்குப் படித்தனர். அவருள் பத்துப் பேர் ஒழிய ஏனையோர் அனைவரும் பிராமண வகுப்பினர். சாதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக நிலவின. தம் குலமும் ஊரும் இருப்பிடமும் தெரிந்தால் பிறர் தம்மை இழிவாக நடத்துவர் என்று சீனிவாசன் அஞ்சினார். ஆதலின், கலாசாலைக்கு வெளியே ஓரிடத்தில் அமர்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி ஒலித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். வகுப்பு முடிந்ததும், உடன்பயில்வோர் தம்மை எட்டாதபடி விரைந்து வீடு திரும்புவார். ஒத்த வயதினரோடு கூடி விளையாட இயலவில்லையே என்று அவர் மனம் வருந்தினார்.

மாணவர்களே, இதனைச் சிறிது எண்ணிப் பாருங்கள். ஊர் எது, வீடு எங்கே என்று அன்போடு வினவுவதிலேதான் நட்புத் தொடங்குகிறது. அவ்வினாக்களே அவருக்கு அச்சம் தந்தன. அவரை விரட்ட எவரும் கை ஓங்க வேண்டியிருக்கவில்லை. இகழ்வர் என்னும் அச்சமே போதியதாயிற்று. அந்த நானூற்றுவருள் ஒருவரேனும் வெளியே சென்று அவர் அருகில் அமர்ந்திருந்தால், அவர்தம் மாணவப் பருவம் எத்துணை மாறியிருக்கும்!

கல்வி முடித்த சீனிவாசன் நீலகிரியில் கணக்கராகப் பணியாற்றினார். 1890-இல் சென்னைக்கு வந்தார். மறுஆண்டில் பறையர் மகாஜன சபையை நிறுவினார். 1893-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஓர் இதழைத் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் யாது? இளமையில் எக்குலப் பெயரை மறைத்து ஓடினாரோ, அப்பெயரையே 'பறையன்' எனத் தலைப்பில் பொறித்தார். தாம் இன்னார் என்று நாணாது கூறுபவரே தம் உரிமையைக் கேட்க இயலும் என்பது அவர் கொண்ட தெளிவு. அவ்விதழ் 1900 வரை நடைபெற்றது.

பின்னர்த் தென்னாப்பிரிக்கா சென்று, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். 1921-இல் தாயகம் திரும்பி, 1923-இல் சென்னைச் சட்டசபை உறுப்பினரானார். பொது வீதிகளும் கிணறுகளும் குளங்களும் அலுவலகங்களும் எல்லாச் சாதியினர்க்கும் உரியன என்னும் தீர்மானத்தை 1924-இல் சபையில் கொணர்ந்தார். தீர்மானம் ஏற்கப்பட்டது. 1930-இலும் 1931-இலும் இலண்டனில் கூடிய வட்டமேசை மாநாடுகளில், டாக்டர் அம்பேத்கருடன் ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதியாகக் கலந்துகொண்டார். தம் வாழ்க்கை வரலாற்றை 1939-இல் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். 1945-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 18-ஆம் நாள் மறைந்தார். 2000-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 17-ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. சட்டம் வீதியைத் திறந்துவிட்டது. ஆனால், விளையாட்டில் யாரைச் சேர்ப்பது, உணவு வேளையில் யார் அருகில் அமர்வது என்பனவற்றைச் சட்டம் வந்து முடிவு செய்வதில்லை. நாமே முடிவு செய்கிறோம். ஒதுக்கப்பட்டவனோடு சேர்பவன் பழைய தோழரின் ஏளனத்திற்கு ஆளாதலும் உண்டு. சில வேளைகளில் அவர்தம் நட்பையே இழத்தலும் உண்டு. ஒருவனை ஒதுக்கினால்தான் நிலைக்கும் என்னும் நட்பு, இழத்தற்கு அஞ்சத்தக்க நட்பன்று. மணி ஒலிக்கும் வரை வெளியே தனித்துக் காத்திருக்கும் மாணவன் உங்கள் பள்ளியிலும் இருக்கக்கூடும். அவனை நோக்கி முதலில் நடப்பவர் நீங்களாக இருங்கள்.