கட்டுச்சோறின்றிக் கடல் கடந்தவர்: இப்னு பதூதா

போட் மெயில் என்னும் புகைவண்டியை நம் மயிலாடுதுறைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1914ஆம் ஆண்டு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியபின், சென்னையில் ஏறியவர் மாயவரம் வழியே தனுஷ்கோடி அடைந்து, அங்கே கப்பலேறி, மறுகரையில் மீண்டும் புகைவண்டி பிடித்துக் கொழும்பு சேர்ந்தனர். 1964 டிசம்பர்ப் புயல் அவ்வழியை அழித்தது. நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலாக் கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் பினாங்கு சென்றவர்களும் இவ்வட்டாரத்தில் பலர். ஆகவே நிலமும் நீரும் மாறி மாறிக் கடந்து, சிறு செலவில் அண்டை நாடு சேரும் பயணம் நமக்குப் புதிதன்று. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன் அத்தகைய பயணத்தையே வாழ்வாக்கிக் கொண்ட ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எழுத விழைகின்றோம். அவர் நம் தமிழ்க் கரையையும் மிதித்தவர் என்பது நமக்குத் தனி மகிழ்ச்சி.

மொரோக்கோ நாட்டின் தஞ்சா நகரில், மத்தியதரைக் கடலும் அட்லாண்டிக் பெருங்கடலும் சந்திக்கும் நீரிணையின் கரையில், கி.பி. 1304ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இப்னு பதூதா பிறந்தார். காஜிகள் பலரைத் தந்த குடும்பம் அது. தாமும் மார்க்கச் சட்டம் பயின்று, 1325 ஜூன் திங்களில், இருபத்தொன்றாம் வயதில், ஹஜ் கடமையை நிறைவேற்றத் தனியே புறப்பட்டார். உடன் செல்லத் துணையில்லை. சேர்ந்துகொள்ளக் கூட்டமும் இல்லை. உயிரோடிருந்த தாய் தந்தையரைப் பிரிந்த துயரம் நெஞ்சை அழுத்த, வட ஆப்பிரிக்கக் கரையோரமாகக் கிழக்கு நோக்கி நடந்தார்.

தொடக்கமே துன்பமாயிற்று. பிஜாயா நகரில் கடுங்காய்ச்சல் கண்டது. தங்கிச் செல்லுமாறு பிறர் சொல்லியும் கேளாமல், ஏறி வந்த விலங்கையும் சுமைகளையும் விற்றுவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்தார். உடன் பயணித்தவர் ஒருவர் விலங்கொன்றும் கூடாரமும் இரவல் தந்தார். கான்ஸ்தந்தீன் நகரின் ஆளுநர், மழையில் நனைந்து வந்த இவருடைய கந்தல் உடையைக் கண்டு புத்தாடை அனுப்பினார். அதன் ஓரத்தில் இரண்டு பொற்காசுகள் முடிந்திருந்தன. சேணத்தில் அமரவும் வலுவில்லாத நிலையில், தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு சென்றார்.

தூனிஸ் நகர வாயிலில் நிகழ்ந்தது நம் கருத்திற்குரியது. வந்தவர்களை வரவேற்க ஊரார் திரண்டிருந்தனர். அனைவரும் ஒருவருக்கொருவர் சலாம் கூறித் தழுவிக்கொண்டனர். இவரை அறிந்தவர் அங்கு ஒருவருமில்லை. இவருக்குச் சலாம் சொல்லவும் ஆளில்லை. தனிமை தாளாமல் இளைஞர் அழுதுவிட்டார். அதனைக் கண்ட ஹஜ் பயணி ஒருவர் நெருங்கி வந்து, சலாம் கூறி, நகருக்குள் செல்லும்வரை ஆறுதலாகப் பேசிக்கொண்டே வந்தார். மதரஸா ஒன்றில் இடம் கிடைத்தது. அந்நகரைவிட்டுப் புறப்பட்ட ஹஜ் கூட்டத்திற்கு இவரே காஜியாகவும் அமர்த்தப்பட்டார். அழுது நுழைந்தவர் தலைமை ஏற்று வெளியேறினார்.

1326இல் அலெக்சாந்திரியா, கெய்ரோ ஆகிய நகரங்களைக் கண்டு, செங்கடல் துறையாகிய அய்தாபை அடைந்தார். ஆனால் அங்கு நடந்த போரில் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டிருந்தன. வாங்கிய உணவுப் பொருள்களை விற்றுவிட்டு வந்த வழியே திரும்பினார். ஓடம் இல்லையென்றால் பயணம் இல்லையென்று அமர்ந்துவிடவில்லை. பாலஸ்தீனம், சிரியா வழியாக வேறு பாதை தேடி, அவ்வாண்டிலேயே மக்கா சேர்ந்து ஹஜ்ஜை நிறைவேற்றினார்.

கையில் பொருளில்லாத ஒருவர் இவ்வளவு தூரம் சென்றது எவ்வாறு? விடை அக்காலச் சமுதாய அமைப்பில் உள்ளது. வழிநெடுகத் தங்குமிடங்களும், மதரஸாக்களும், இறைநேசர்களின் தைக்காக்களும் வழிப்போக்கருக்கு உண்டியும் உறையுளும் அளித்தன. அவற்றைத் தாங்கி நின்றது வக்ஃபு என்னும் அறக்கட்டளை முறை. திமிஷ்கு நகரில் ஏழைப் பெண்களின் திருமணத்திற்கும், சிறைப்பட்டோரை மீட்பதற்கும், வழிப்போக்கர் ஊர் திரும்புவதற்கும் தனித்தனி வக்ஃபுகள் இருந்தன. ஏவலாளாகிய சிறுவன் ஒருவன் சீனத்துப் பீங்கான் தட்டொன்றைத் தெருவில் தவறவிட்டு உடைத்து, எசமானரின் தண்டனைக்கு அஞ்சி நின்றான். கூடியிருந்தோர் அவனை உடைந்த கலங்களுக்கென அமைந்த வக்ஃபின் பொறுப்பாளரிடம் அனுப்பினர். புதுத்தட்டு வாங்கப் பணம் கிடைத்தது. உடைந்த தட்டுக்கும் ஓர் அறம் வகுத்த ஊரை இப்னு பதூதா வியந்து போற்றினார்.

1330ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிரியாவின் லதாக்கியாத் துறையில் ஜெனோவா நாட்டுக் கப்பலொன்றில் ஏறி, பத்து இரவுகள் கழித்துத் துருக்கியின் அலன்யா துறையில் இறங்கினார். கப்பலை நடத்திய கிறித்தவர்கள் இவரையும் தோழர்களையும் மதிப்போடு நடத்தியதுடன் கட்டணமும் பெறவில்லை. சிலுவைப் போர்களின் நினைவு மறையாத காலத்தில் நடந்தது இது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அந்தாலியா நகரில் பழைய உடை அணிந்த ஒருவர் இவரை விருந்துக்கு அழைத்தார். ஏழைக்குச் சுமையாகலாமா என்று இவர் தயங்கினார். அழைத்தவர் செருப்புத் தைப்பவர் என்பதும், இருநூறு கைவினைஞர்கள் தங்கள் தலைவராகத் தேர்ந்த அகீ அவரே என்பதும் பிறகுதான் தெரிந்தது. அவர்கள் பகலில் உழைத்து ஈட்டியதை மாலையில் ஒன்றுசேர்த்து, வந்த விருந்தினரை உண்பித்து உபசரித்தனர். லாதிக் நகரிலோ, இருசாரார் இவரை மறித்துக் கத்தியை உருவிச் சண்டையிட்டனர். கொள்ளையர் என அஞ்சினார். உண்மையில் அவர்கள் இவரை யார் விருந்தினராக ஏற்பது என்றே பூசலிட்ட அகீகள்! முடிவில் சீட்டுக் குலுக்கினர்.

1333 செப்டம்பரில் சிந்து நதியை அடைந்து, தில்லியில் முகம்மது பின் துக்ளக்கின் காஜியானார். பின்னர்ச் சீனத்திற்குத் தூதராக அனுப்பப்பட்டு, கோழிக்கோட்டில் கப்பல்களை இழந்து, மாலத்தீவில் காஜியாயிருந்து, இலங்கையில் பாவா ஆதம் மலையைத் தரிசித்து, 1344 அளவில் மஅபர் எனப்பட்ட நம் தமிழ்க் கரை நோக்கி வந்தார். கரைக்கருகே கப்பல் உடைந்தது. உடைந்த கப்பலின் பின்பகுதியில் இரவைக் கழித்தார். விடிந்தபின் தமிழ்நாட்டு மக்கள் படகில் வந்து அவரைக் கரை சேர்த்தனர். பனம்பழமும் நல்ல மீனும் தந்து பசியாற்றினர். சமயமும் மொழியும் வேறாயினும், கடலில் தத்தளித்தவரை எவரென்று கேளாமல் ஏற்ற அக்கைகளை நம் மூதாதையரின் கைகள் என்று சொல்லிக்கொள்வதில் நாம் பெருமைப்படலாம்.

மதுரைச் சுல்தான் கியாசுத்தீன் தாமகானி இவருக்கு உறவினர். இருவரும் ஒரு வீட்டுப் பெண்களை மணந்தவர்கள். ஆயினும், பிடிபட்ட குடிமக்களைப் பெண்டு பிள்ளைகளோடு அச்சுல்தான் கொன்றதைக் கண்டபோது இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கொடுமையை வெறுத்துத் தம் நூலிலும் பதிவு செய்தார். உறவும் சமயமும் அரச தயவும் அவரது சாட்சியத்தை மறைக்கவில்லை. மதுரையில் கொள்ளைநோய் பரவியது. இவரும் கடுங்காய்ச்சலில் வீழ்ந்து, புளியைக் கரைத்துக் குடித்துப் பிழைத்தார். இவர் குறிப்பிடும் பத்தன் என்னும் அழகிய துறைமுகம் காவிரிப்பூம்பட்டினமாகலாம் என்றும், பெரியபட்டினமாகலாம் என்றும் ஆய்வாளர் பலவாறு கருதுவர்.

மேற்குக் கரையில் கடற்கொள்ளையரிடம் உடுத்த கால்சட்டை ஒழிய யாவற்றையும் பறிகொடுத்தார். அதன் பின்னரும் வங்கம், சுமத்திரா, சீனம் கண்டு மீண்டார். 1348இல் திமிஷ்கு திரும்பியபோது, தந்தையார் இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன என்ற செய்தி காத்திருந்தது. அவ்வாண்டு அந்நகரைப் பெருங்கொள்ளைநோய் வாட்டியது. முஸ்லிம்கள், யூதர்கள், கிறித்தவர்கள் அனைவரும் தத்தம் வேதங்களை ஏந்தி ஒன்றாக நடந்து இறைவனிடம் மன்றாடிய காட்சியை அவர் நேரில் கண்டார்.

1349இல் எகிப்திலிருந்து தூனிஸ்காரர் ஒருவரின் சிறுகப்பலில் ஜெர்பாத் தீவு. அங்கிருந்து கரையோரப் படகுகள். பின்னர் நிலவழியே தூனிஸ். கதலான் நாட்டவர் கப்பலில் சர்தீனியா. மீண்டும் ஆப்பிரிக்கக் கரையில் தெனெஸ். இவ்வாறு துறைவிட்டுத் துறை மாறித் தாயகம் நெருங்கியபோது, தாயாரும் அக்கொள்ளைநோயில் மறைந்தார் என்ற செய்தி எதிர்கொண்டது. ஏறத்தாழ இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் வீடு திரும்பிய மகனுக்கு, வாயிலில் நிற்கப் பெற்றோர் இல்லை. கல்லறையைக் கண்டு வருந்தினார்.

அவர் குறையற்றவர் என நாம் கூறவரவில்லை. பல ஊர்களில் மணந்து மனைவியரைப் பிரிந்தார், அடிமைகளை வாங்கினார், பரிசில்களை விரும்பினார், தில்லியில் பெருங்கடன் பட்டார். இவையாவும் அவர் நூலிலிருந்தே நமக்குத் தெரிகின்றன. ஆனால் வழியில் உண்ட சோற்றை அவர் மறக்கவில்லை. ஸ்பெயினையும் மாலி நாட்டையும் கண்டபின், சுல்தானின் ஆணைப்படி, இப்னு ஜுஸையி என்னும் புலவர் எழுத, தம் பயணங்களைச் சொல்லி 1355இல் நிறைவு செய்தார். செருப்புத் தைத்த அகீயும், தட்டுடைத்த சிறுவனும், தமிழ்க் கரையின் படகோட்டிகளும் அந்நூலால் வாழ்கின்றனர். 1368 அல்லது 1369இல் அவர் மறைந்தார். இன்று தஞ்சா விமான நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நம் காவிரி நாட்டிலும் சத்திரங்களும் தர்காக்களும் வழிப்போக்கரைப் பேணிய மரபு உண்டு. இக்காலத்தில் பயணச்சீட்டும் விடுதி அறையும் பணம் இருந்தால் கிடைத்துவிடும். தூனிஸ் வாயிலில் கிடைத்த ஆறுதல் பணத்தால் கிடைப்பதன்று. ஒவ்வோர் ஆண்டும் கல்வி தேடி முதன்முறையாக ஊரைவிட்டு வரும் இளைஞர் பலர், பெட்டியோடு நம் கல்லூரி வாயிலில் தயங்கி நிற்கின்றனர். அன்று அழுத இளைஞரிடம் முதலில் சென்று பேசிய அந்தப் பயணியின் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. அவர் செய்ததைச் செய்வதற்குப் பொருளும் வேண்டா, புகழும் வேண்டா. மூத்த மாணவர்கள் இதனை மனங்கொள்வார்களாக.