பயன் கருதாப் பரிவு: பண்டிதர் அயோத்திதாசரின் வாழ்வு

தன்னலம் சிறிதுமின்றிப் பிறர்க்கு நன்மை செய்வார் உலகில் உண்டோ என்பது பழைய வினா. ஈகைக்குப் பின்னே புகழாசை நிற்கிறது. அஃதில்லாவிடில் புண்ணிய ஆசை நிற்கிறது. அதுவும் இல்லாவிடில் மனநிறைவு என்னும் கூலியேனும் நிற்கிறது என்பர் ஐயமுடையோர். திரிசரணம் ஏற்ற நம்மை நோக்கியும் இவ்வினா வீசப்படுகிறது. உங்கள் மதமாற்றமே உங்கள் நலம் கருதியதன்றோ என்று கேட்போர் நம் பெங்களூரிலும் உளர். ஆதலின், நமக்கு வழிகாட்டிய பெரியார் ஒருவரின் வாழ்வை முன்வைத்து இதனை ஆராய்வோம்.

பண்டிதர் அயோத்திதாசர் 1845ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி புகட்டிய ஆசானின் பெயரையே பின்னர்த் தம் பெயராகக் கொண்டார். அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் பணி புரிந்தவர். தம் இல்லத்திலிருந்த திருக்குறள் ஏட்டுச் சுவடியை எல்லீசர் கையில் சேரச் செய்தவர். இத்தகைய கல்விக் குடியில் தோன்றியும், தீண்டாமையின் கொடுமையைப் பண்டிதர் அனுபவித்தே அறிந்தார். சித்த மருத்துவம் அவருடைய தொழிலாயிற்று.

இளமையில் நீலகிரியில் வாழ்ந்த அவர், 1891 டிசம்பரில் அங்கு மாநாடு கூட்டித் திராவிட மகாஜன சபையைத் தோற்றுவித்தார். மறு ஆண்டு சென்னை மகாஜன சபையின் கூட்டத்தில் தம் மக்களுக்காக வாதாடினார். பிள்ளைகளுக்குக் கல்வி கேட்டார். உழுவோர்க்குத் தரிசு நிலம் கேட்டார். சிவாலயத்திலும் விஷ்ணு ஆலயத்திலும் எம்மை நுழையவிடாதது ஏன் என்றும் கேட்டார். உங்கள் குலத்துக்கென வேறு சிறு தெய்வங்கள் உண்டு என்னும் பொருள்பட விடை வந்தது. மனம் கசந்து ஒதுங்க அது போதுமானது, அவர் ஒதுங்கவில்லை.

1898இல் கர்னல் ஆல்காட் துணையுடன் கொழும்பு சென்று, சுமங்கல மகாநாயகரிடம் பஞ்சசீலம் ஏற்றார். அவ்வாண்டே சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் பிறந்தது. 1907 ஜூன் 19ஆம் நாள் ஒரு பைசாத் தமிழன் என்னும் வார இதழைத் தொடங்கினார். ஏழை கூலியாளும் வாங்கத்தக்க விலையையே இதழுக்குப் பெயராகவும் வைத்தார். 1914 மே 5ஆம் நாள் மறையும் வரை, ஏறத்தாழ ஏழாண்டுகள் அதனை நடத்தினார்.

இனி வினாவுக்கு வருவோம். ஆல்காட் அமெரிக்கர். சென்னைச் சேரிப் பிள்ளைகளுக்கு 1894 முதல் இலவசப் பள்ளிகள் திறந்த அவருக்கு அப்பிள்ளைகள் உறவினரல்லர். பண்டிதரோ தம் மக்களுக்கே உழைத்தார். ஆகவே முன்னவர் செய்ததே தன்னலமற்றது, பின்னவர் செய்தது தம் நலமே என்று சொல்லலாமா? சொல்லலாகாது என்பதே நம் கருத்து. விசுத்திமார்க்கம் மைத்திரி தியானத்தைத் தன்னிடமிருந்தே தொடங்கச் சொல்கிறது. தன் துன்பத்தை உணர்ந்தவனே பிறர் துன்பத்தை அறிவான். தொடங்கிய இடம் குற்றமன்று. அங்கேயே நின்றுவிடுவதுதான் குற்றம்.

அளவுகோல் வேறொன்று உண்டு. கன்மம் என்பது சேதனை, அதாவது செயலைத் தூண்டும் எண்ணம் என்று ததாகதர் போதித்தார். எண்ணத்தில் நான், எனது என்பவை எவ்வளவு தேய்கின்றனவோ அவ்வளவு ஈகை தூயதாகிறது. மணிமேகலை கூறும் ஆபுத்திரன், உண்பாரில்லாத் தீவில் தனித்து விடப்பட்டபோது, அமுதசுரபியால் தன் உயிரை மட்டும் காத்துக்கொள்ள விரும்பாது அதனைக் கோமுகிப் பொய்கையில் இட்டு உயிர் துறந்தான். அந்த எல்லையை எல்லோரும் எட்டுவதில்லை. எனினும் அத்திசையில் வைக்கும் ஒவ்வோர் அடியும் மெய்யானதே.

பண்டிதரும் முற்றும் எட்டினார் என்று நாம் முகமன் கூற வேண்டுவதில்லை. தாழ்த்தப்பட்டோர் வேறு, இயல்பிலே தாழ்ந்தோர் வேறு எனப் பிரித்து, வேறு சில ஏழைக் குலத்தாரை அவர் இழித்து எழுதிய இடங்கள் உள்ளன. கருணைக்கு வேலியிட்ட இடங்கள் அவை. பிறப்பால் உயர்வு தாழ்வில்லை என்னும் தம்மத்தைக் கொண்டே அவற்றை நாம் மறுக்க வேண்டும். ஆசிரியரின் குறையை நிறைவு செய்வதும் மாணவரின் நன்றிக்கடனே.

அந்நன்றியை நம் பகுதியார் முன்பே காட்டியுள்ளனர். 1809இல் அமைந்த பெங்களூர்த் தண்டுப் பகுதியிலும், கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்திலும் சாக்கிய சங்கத்தின் கிளைகள் தழைத்தன. பண்டிதர் மறைந்தபின் தங்கவயலில் அப்பாதுரையார் தமிழன் இதழுக்கு மீண்டும் உயிரூட்டினார். சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. இறந்தவரிடமிருந்து கைம்மாறு பெறுவார் எவருமில்லை. பயன் கருதாப் பரிவு உண்டோ என்பார்க்கு இதுவும் ஒரு விடையாகும்.

உபாசக அன்பர்களே! மனம் முற்றும் தூயதான பின்னரே உதவுவோம் என்று காத்திருப்பவன் உதவாமலே மடிவான். புண்ணியம் கருதித் தொடங்கினும் தொடங்குக. கொடுக்கக் கொடுக்கக் கை பழகும். கை பழகப் பழக நான் என்பது தேயும். நம் குலத்தாரல்லாத ஏழையின் வாயிலுக்கும் நம் கால்கள் செல்லட்டும்.