யேல் துரையின் குலவழி

சென்னைக் கோட்டையின் கவர்னராய் 1687 முதல் 1692 வரை அமர்ந்திருந்த எலிஹு யேல் என்பாரின் பெயரை அமெரிக்க நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று தாங்கி நிற்கின்றது. அவர்தம் குலவழியை ஆராயப் புகின், அப்பெயர் ஆண்டுச் சென்றவாறு நமக்கு இனிது விளங்கும்.

யேல் என்பது ஆதியில் ஓர் இடப்பெயர். வேல்ஸ் நாட்டின் வடபாகத்தில் யால் என வழங்கிய மலைப்பாங்கான நிலமே இக்குடும்பத்தின் பூர்விகம். அக்குடியிற்றோன்றிய தாமஸ் யேல், செஸ்டர் நகரத்து அத்தியட்சரான ஜார்ஜ் லாயிடின் மகள் ஆன் என்பாரை மணந்து, 1619-இல் இறந்தார். கைம்மையுற்ற அவ்வம்மையார், தியோபிலஸ் ஈட்டன் என்னும் வர்த்தகரை மறுமணம் புரிந்தனர். 1637-இல் ஈட்டன் தம் மனைவியோடும், அவருடைய முன் கணவரின் மக்களோடும் கடல் கடந்து அமெரிக்கா சேர்ந்தார். மறு ஆண்டில் அவரும் அவர் கூட்டத்தாரும் நியூஹேவன் என்னும் ஊரை நிறுவினர். மக்களுள் தாமஸ் அவ்வூரிலேயே தங்கினார். தாவீதோ பாஸ்டன் நகரிற் குடியேறினார். அங்கே 1649-இல் தாவீதுக்கு மகனாய்ப் பிறந்தவரே எலிஹு. குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் இங்கிலாந்துக்குத் திரும்பிய அவர், பிறந்த மண்ணைப் பின்னர் மிதித்திலர்.

1672-இல் கும்பினி ஊழியராய்ச் சென்னை வந்த எலிஹு, 1680-இல் கோட்டையிலுள்ள புனித மரியாள் ஆலயத்தில், கைம்பெண்ணாயிருந்த கேதரின் ஹின்மர்ஸ் என்பாரை மணந்தார். அவர்கட்குப் பிறந்த ஒரே புதல்வன் தாவீது 1688-இல் இளமையிலேயே இறந்து, கோட்டைக்குப் புறத்தேயிருந்த பழைய கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பெற்றான். எலிஹு திரட்டிய செல்வத்தை நாம் வாளாபோற்றுதல் தகாது. அவர் அதிகாரத்திலிருந்த நாளில் இப்பட்டினத்தினின்று அடிமைகள் கப்பலேற்றப்பட்டனர். சொந்த வாணிகத்தைப் பெருக்கினார் என்னும் குற்றச்சாட்டினால் அவரும் 1692-இல் பதவி இழந்தார்.

1699-இல் இங்கிலாந்து மீண்ட அவர்க்குச் செல்வம் இருந்தது. தம் பெயர் தாங்க மகன் இல்லை. அமெரிக்காவிலிருந்த தம் சுற்றத்தாருள் ஒருவரை வாரிசாக்க விரும்பி 1711-ஐ ஒட்டி ஆளனுப்பினார். பாட்டியார் குடும்பம் நிறுவிய அந்த நியூஹேவனில் கல்லூரி ஒன்று பொருளின்றித் தளர்வுற்றதை அன்பர் சிலர் அவர்க்கு அறிவித்தனர். 1718-இல் அவர் ஒன்பது மூட்டைச் சரக்குகளும், 417 நூல்களும், ஜார்ஜ் மன்னரின் படம் ஒன்றும் அனுப்பினார். சரக்குகளின் விலையாய்க் கிடைத்தது 562 பவுன். கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது. 1721-இல் இறந்த எலிஹு, தம் முன்னோர் நாட்டு ரெக்ஸ்ஹாம் ஆலயத்தருகே அடக்கம் செய்யப்பட்டார்.

மகனால் நிலைக்குமென அவர் எண்ணியிருக்கக்கூடிய பெயர், கல்வியால் நிலைத்தது. ஆயினும் அக்கொடைக்கு மூலமாகிய பொருள் நம் கடற்கரையில் ஈட்டப்பட்டதென்பதையும், அதன் பொருட்டு வருந்தினோர் பெயர்கள் எக்கல்லிலும் பொறிக்கப்படவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.