தீன் முகம்மது எவ்வூரார்?

நாம் பிழைக்க வந்த இப்பாட்னா நகரில் 1759-ஆம் ஆண்டு பிறந்த தீன் முகம்மதுவே ஆங்கிலத்தில் நூல் எழுதி அச்சேற்றிய முதல் இந்தியர் என்பதை நம் காலனி அன்பர்களுட் பலர் அறியார். நாமும் அண்மையிலேதான் அறிந்தோம்.

அவர்தம் தந்தையார் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சுபேதார், பணியிலேயே மடிந்தார். தந்தையை இழந்த சிறுவர், பத்து வயதளவில், காட்பிரே பேக்கர் என்னும் ஐரிஷ் அதிகாரியைத் தொடர்ந்து பட்டாளத்துடன் சென்றார். பின்னர்த் தாமும் சுபேதாரானார். 1784-இல் பேக்கருடன் கடல் கடந்து அயர்லாந்தின் கார்க் நகரை அடைந்து, ஜேன் டேலி என்னும் அந்நாட்டு மங்கையை மணந்தார்.

அங்கிருந்தே 1794-இல் தம் பயண நூலை இரு பாகங்களாக வெளியிட்டார். நண்பர் ஒருவருக்கு எழுதும் கடிதங்களாக அமைந்தது அது. கங்கைக்கரை நகரங்கள், படை நடந்த வழிகள், முஸ்லிம் இல்லங்களின் திருமணச் சடங்குகள், வெற்றிலை போடும் வழக்கம் ஆகிய யாவும் அதில் உள்ளன. பிறர் நூலிலிருந்து சில பகுதிகளை எடுத்துக்கொண்டதும் உண்டு, அதனை மறைப்பானேன்? ஆயினும் பிறந்த மண்ணை, அதனைக் காணாதார்க்குக் காட்ட முனைந்த உள்ளம் அவருடையதே.

இந்நூல் எந்நாட்டு இலக்கியம்? எழுதியவர் இந்தியர், மொழி ஆங்கிலம், அச்சேறிய ஊர் அயர்லாந்தில். எவரும் உரிமை கொண்டாடாமல் அது நெடுங்காலம் கிடந்தது. மைக்கேல் பிஷர் என்னும் வரலாற்றறிஞர் 1997-இல் மீண்டும் பதிப்பித்த பின்னரே பலரும் எடுத்துப் படிக்கலாயினர்.

நம் இளைய மகள் ஹிந்தியிற் கதை எழுதுகிறாள். கதையில் வருவதோ தஞ்சாவூர்ப் பாட்டி. அது தமிழ்க் கதையன்று என்கிறார் நம் மூத்தவர். வீட்டில் வழக்கு ஓயவில்லை. ரெயில்வே பார்சல் ரசீதில் புறப்பட்ட நிலையம், சேரும் நிலையம் என இரண்டும் எழுதுகிறோம். ஒன்றை எழுதியதற்காக மற்றொன்றை அடிப்பதில்லை. தீன் முகம்மதுவின் நூலையும் அவ்வாறே இரண்டு இடத்திலும் பதியலாம் என்பது நம் துணிபு.

1810-இல் அவர் இலண்டனில் இந்திய உணவு விடுதி திறந்து நொடித்தார். பின்பு பிரைட்டன் கடற்கரையில் நீராவிக் குளியலும் உடல் பிடித்தலும் நடத்தி, நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் ஆகிய மன்னர்க்கும் அப்பணி செய்தார். நாம் தலைக்கிடும் ஷாம்பூவின் பெயரும் பிடித்துவிடுதலைக் குறிக்கும் ஹிந்திச் சொல்லின் வழி வந்ததே. 1851-இல் பிரைட்டனில் மறைந்தார். அங்குள்ள புனித நிக்கலஸ் ஆலயத்து இடுகாட்டில் அவர் கல்லறை இருக்கிறது.