குழந்தை உள்ளம் கொண்ட கவிமணி

தமிழன்னைக்கு அணி செய்த கவிஞர்கள் பலர். அவர்களுள் பல் முளைக்காத பச்சிளங் குழந்தையும் கேட்டு மகிழப் பாடியவர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை ஆவார்.

இவர் 1876ஆம் ஆண்டில் நாகர்கோவிலை அடுத்த தேரூரில் சிவதாணுப் பிள்ளை, ஆதிலட்சுமி தம்பதியருக்கு மகனாகத் தோன்றினார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். அந்நாளில் நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்ததால் பள்ளியில் மலையாளமே படிக்க நேர்ந்தது. ஆயினும் தமிழின்மேல் கொண்ட ஆர்வத்தால், ஊருக்கு அருகிலிருந்த மடத்துச் சாந்தலிங்கத் தம்பிரானிடம் பாடம் கேட்டுத் தேர்ச்சி பெற்றார். பின்னர் ஆசிரியராகி நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றினார். திருவனந்தபுரத்தில் அவரிடம் பயின்றவர்கள் பெண்கள் என்பது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தரும் செய்தி அன்றோ!

கவிமணி பெரும் புலமை வாய்ந்தவர். பழைய கல்வெட்டுகளைப் படித்து ஆராய்ந்தார். ஆங்கிலத்தில் எட்வின் ஆர்னால்டு எழுதிய புத்தர் வரலாற்றைத் தழுவி ‘ஆசிய ஜோதி’யைப் பாடினார். பாரசீகக் கவிஞர் உமர் கய்யாமின் பாடல்களையும் தமிழாக்கித் தந்தார். 1940ஆம் ஆண்டில் சென்னையில் தமிழறிஞர்கள் அவருக்குக் ‘கவிமணி’ என்னும் பட்டம் வழங்கிச் சிறப்பித்தனர்.

இத்தகைய அறிஞர், குழந்தைக்குச் சோறூட்டும் தாய்மாரின் பாட்டையும் காது கொடுத்துக் கேட்டார். காக்கையைக் கண்ணுக்கு மை கொண்டு வரச் சொல்லி அழைப்பது நம் நாட்டுத் தாய்மாரின் பழைய வழக்கம். எழுதியவர் பெயர் தெரியாமல் வாய்வழியாக வந்த அந்தப் பாட்டின் சாயலிலே அவரும் பாடி, அதனை ஏட்டில் ஏற்றினார். பசுவும் கன்றும் கொஞ்சுவதையும், நெற்பானைக்குள் நுழைந்து வயிறு புடைக்கத் தின்று வெளியேற முடியாமல் தவித்த எலியின் கதையையும் எளிய சொற்களில் பாடினார். பேராசை தீது என்று மேடையேறிச் சொன்னால் குழந்தை கேட்குமா? எலியின் கதையாகப் பாடினால் சிரித்துக்கொண்டே கேட்கும்.

இத்தனை குழந்தைப் பாடல்களைப் பாடிய அவருக்கும் அவர் துணைவியார் உமையம்மைக்கும் பிள்ளைப்பேறு இல்லை. தமக்கையின் மகனைத் தம் மகன் போல் வளர்த்தார். தமக்கென ஒரு குழந்தை இல்லாதவர் தமிழ்நாட்டுக் குழந்தைகள் அனைவருக்கும் தாயானார் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1954ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அவர் மறைந்தார். அவர் பிறந்த மண் தமிழ்நாட்டுடன் இணைந்தது 1956இல்தான். 2005ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.

தோழியரே! இவர் வாழ்வு எனக்குப் புகட்டிய பாடம் ஒன்றையும் கூற விரும்புகிறேன். எங்கள் நடுவட்டத்தில் மேகம் வாசல்வரை வந்து நிற்கும். தேயிலை பறித்தே முதுமையடைந்த என் அம்மாயி, எழுதப் படிக்க அறியாதவர். லைன் வீட்டு வாசலில் அமர்ந்து, காக்கையையும் குருவியையும் கூப்பிட்டுப் பாடித்தான் என் தம்பிக்குச் சோறூட்டுவார். ஒருநாள் என் பள்ளித் தோழி வீட்டிற்கு வந்திருந்தாள். வெட்கத்தால் நான், “அந்தப் பாட்டெல்லாம் வேண்டாம் அம்மாயி, இங்கிலீஷ் பாட்டு போடுகிறேன்” என்று கைப்பேசியை எடுத்தேன். அம்மாயி ஒன்றும் பேசவில்லை. அன்றுமுதல் சோறூட்டும்போது பாடவும் இல்லை. தம்பி மட்டும் காக்கையைப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பான்.

பின்னர் நூலகத்தில் கவிமணியின் பாடல்களைப் படித்தேன். ஆங்கிலம் நன்கறிந்த அறிஞர் போற்றிய பாட்டை, ஆங்கிலம் அரைகுறையாய்க் கற்ற நான் இழிவாக எண்ணினேனே என்று தலைகுனிந்தேன். அன்று மாலையே புத்தகத்தை எடுத்துச் சென்று அம்மாயிக்குப் படித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, தமக்குத் தெரிந்த பாட்டில் கொக்கும் கிளியும்கூட வரும் என்றார். தம்பியை மடியில் இருத்திப் பாடியும் காட்டினார். நான் அதை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

நம் வீட்டுப் பெரியோர் பாடும் பாடல்களை நாமும் கேட்டு எழுதி வைப்போம். அதுவே கவிமணிக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.

– பத்தாம் வகுப்பு மாணவி