ஆசானை வணங்கி அகன்றவர்

முன்னோர் வகுத்த வழியைப் பின்பற்றுவது கலைஞனுக்கு அடிமைத்தளையா, அன்றி ஆற்றலுக்கு முதற்படியா? கவிதைக்கும் இசைக்கும் பொதுவான இவ்வினாவுக்கு, ஓவியர் ஒருவரின் வாழ்க்கை தக்க விடை தருவதாக நான் கருதுகிறேன். இங்கிலாந்தின் இயற்கைக் காட்சி ஓவியருள் முன்வரிசையில் வைத்து எண்ணப்படும் ஜோன் கொன்ஸ்டபிள் என்பாரே அவர்.

1776ஆம் ஆண்டு யூன் 11ஆந் திகதி, சபொக் மாவட்டத்துக் கிழக்கு பேர்கோல்ற் என்னும் கிராமத்தில் அவர் பிறந்தார். தந்தையார் ஸ்டூர் ஆற்றங்கரையில் மாவாலைகள் உடையவர், செல்வர். மகனும் ஆலைத்தொழிலையே மேற்கொள்ள வேண்டுமென்பது அவர் விருப்பம். மகனின் உள்ளமோ ஆற்றிலும் மரங்களிலும் வானத்திலும் தோய்ந்து கிடந்தது.

அக்காலத்தில் சேர் ஜோர்ஜ் போமன்ற் என்ற கலைப்புரவலர், தம் அன்னையார் வாழ்ந்த அயலூராகிய டெடமுக்கு வந்து போவதுண்டு. அவரிடம் குளோட் லொரேன் 1646இல் தீட்டிய சிற்றோவியம் ஒன்று இருந்தது. குளோட், உரோமாபுரியில் வாழ்ந்து இயற்கைக் காட்சிகளால் ஐரோப்பா எங்கும் புகழ்பெற்றவர். வனாந்தரத்தில் தவித்த ஆகாருக்குத் தேவதூதன் தோன்றும் விவிலியக் காட்சி அப்படத்தின் பொருள். அரை மீற்றர் உயரமே உடைய அதனைப் பிரிய மனமின்றிப் போமன்ற் பயணங்களிலும் உடன்கொண்டு செல்வாராம். இருபது வயதும் நிரம்பாத கொன்ஸ்டபிள் அதனைக் கண்ணுற்றார். அன்று கண்ட காட்சி இறுதிவரை அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை.

1799இல் இலண்டன் றோயல் அக்கடமியில் மாணவராய்ச் சேர்ந்தார். 1802ஆம் ஆண்டு அவர் வாழ்வில் ஒரு திருப்புமுனை. படைத்துறைக் கல்லூரி ஒன்றில் சித்திர ஆசிரியப் பதவி அவரை நாடி வந்தது. நிலையான ஊதியம், கவலையற்ற வாழ்வு. அதனை ஏற்றுக்கொண்டால் ஓவியராகும் கனவைக் கைவிட நேருமென அஞ்சி மறுத்துவிட்டார். பிறர் படங்களிலே உண்மையைத் தேடி அலைந்தது போதும், இனி இயற்கையினிடமே நேரிற் கற்பேன் என்று உறுதிபூண்டு ஊர் திரும்பினார்.

இவ்வுறுதி பூண்ட அதே ஆண்டின் செப்டெம்பரிலே அவர் தீட்டிய சிற்றோவியம்தான் என்னை வியப்பில் ஆழ்த்துவது. டெடம் பள்ளத்தாக்கைக் காட்டும் அப்படம் சுமார் 43 சதம மீற்றர் உயரமும் 34 சதம மீற்றர் அகலமும் கொண்டது. இலண்டன் விக்டோரியா அல்பேட் நூதனசாலையில் உள்ளது. இரு படங்களின் பிரதிகளையும் அருகருகே வைத்து நான் நோக்கியதுண்டு. வலப்புறம் ஓங்கிய மரங்கள். நடுவே வளைந்தோடும் ஆறு. கண்ணைத் தொலைவுக்கு இட்டுச்செல்லும் ஒளி. அமைப்பு முழுவதும் குளோட்டுடையது. ஆயின் ஆகாரும் இல்லை, தேவதூதனும் இல்லை. தொலைவில் நிற்பது தாம் நாள்தோறும் கண்ட டெடம் தேவாலயக் கோபுரம். பசுமை சபொக் மண்ணின் பசுமை. வானம் இங்கிலாந்தின் ஈரவானம். சட்டகத்தை ஆசானிடம் பெற்றார். உயிரைத் தம் ஊரிலிருந்து ஊட்டினார்.

ஆசான்பால் வைத்த பக்தி அவர் கண்ணை மறைக்கவில்லை. பழைய ஓவியங்களின் கபில நிறமே உயர்ந்ததென்று கருதிய போமன்ற், பழைய வயலின் ஒன்றின் நிறத்தைப் படத்துக்கு அளவாகக் கொள்ளுமாறு கூறியபோது, கொன்ஸ்டபிள் ஒரு வயலினை எடுத்து வீட்டு முன்றிலிலுள்ள பசும்புல்லின்மீது வைத்துக் காட்டினார் என்பர். எனினும் 1823இல் அதே போமன்றின் மாளிகையில் வாரக்கணக்கில் தங்கி, குளோட்டின் படங்களைப் பணிவுடன் பிரதிசெய்தவரும் அவரே.

இவ்வழிக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. வருவாய் குன்றியிருந்தமையாலும் பெண்ணின் குடும்பத்தார் எதிர்ப்பாலும், காதலித்த மரியாவை மணக்க 1816ஆம் ஆண்டுவரை காத்திருந்தார். 1821இல் இலண்டனிற் காட்சிக்கு வைத்த வைக்கோல் வண்டி ஓவியம், 1824இல் பாரிசுக் கண்காட்சியிலே தங்கப்பதக்கம் பெற்றது. பிரான்சு போற்றிய பின்னரும் தாய்நாட்டு அக்கடமி அவரை முழு உறுப்பினராக்க ஐந்தாண்டு தாமதித்தது.

1827இல் போமன்ற் மறைந்தார். அவர் நேசித்த ஆகார் ஓவியம் தேசிய ஓவியக்கூடத்தை அடைந்தது. மறுவருடம் கொன்ஸ்டபிள் டெடம் பள்ளத்தாக்கை மீண்டும், இம்முறை பெருந்திரையில், தீட்டினார். அதே மரங்கள், அதே கோபுரம். முன்புறத்தில் நாடோடிப் பெண்ணொருத்தி தீயருகே குழந்தையை அணைத்தபடி அமர்ந்திருக்கிறாள். இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் விலக்கிவைத்த ஆகாரே ஏழைத்தாயாகி இவ்வூருக்கு வந்துவிட்டாள் என்று எனக்குத் தோன்றுகிறது. அவ்வாண்டு நவம்பரில் மரியா காசநோயால் இறந்தார். எஞ்சியவை ஏழு குழந்தைகளும் ஆறாத் துயரும். மூன்று மாதங்களுள் அக்கடமியின் முழு உறுப்பினர் பதவி கிடைத்தது. அதைக் கண்டு மகிழ வேண்டியவர் இல்லை. 1837 மார்ச் 31ஆந் திகதி அவரும் மறைந்தார்.

ஆசானைப் பார்த்து எழுதும் மாணவரைக் கடிந்து தடுக்க வேண்டியதில்லை. அவ்வெழுத்தில் அவர்தம் ஊரின் கோபுரம் தென்படுகிறதா என்று பார்ப்பதே ஆசிரியர் கடன். குளோட்டை மறந்திருந்தால் கொன்ஸ்டபிள் வழி தெரியாது மயங்கியிருப்பார். டெடமை மறந்திருந்தால் குளோட்டின் நிழலாகவே மறைந்திருப்பார்.