முயலும் தெள்ளும்: ஜீன் மக்னமாரா

நோயைத் துரத்துவது வைத்தியர் தொழில். நோயைப் பரப்புக என்று ஆராய்ச்சியாளரோடு வாதிட்ட வைத்தியரும் ஒருவர் இருந்தார். அவுஸ்திரேலியப் பெண்மணி ஜீன் மக்னமாராவின் வரலாற்றைப் படிக்குந்தோறும் இம்முரண்பாடே என் கருத்தை ஈர்க்கின்றது.

1899 ஆம் ஆண்டு விக்ரோரியா மாநிலத்துப் பீச்வேத் என்னும் ஊரிற் பிறந்த இவர், 1922 இல் மெல்பேண் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்றார். இளம்பிள்ளைவாதத்தால் முடங்கிய குழந்தைகளுக்காகவே பெரிதும் உழைத்தார். அந்நோயை விளைக்கும் வைரசு ஒரே வகையினதன்று என்பதை 1931 இல் மக்பர்லேன் பேர்னற்றுடன் சேர்ந்து கண்டறிந்தார். ஒருவர் புகழுக்கு இதுவே போதும்.

அவ்வாண்டே றொக்பெல்லர் நிதியுதவி பெற்று மேனாடு சென்றவர், அமெரிக்காவில் றிச்சேட் சோப் ஆராய்ந்துவந்த மிக்சோமா என்னும் முயல்நோயைப் பற்றி அறிந்தார். குடியேறியோர் கொணர்ந்த முயல்கள் தம் நாட்டின் புல்லையும் பயிரையும் அழித்துவந்தமை அவர் நெஞ்சை உறுத்தியது. இந்நோயைச் சோதித்துப் பார்க்குமாறு இலண்டனிலிருந்த அவுஸ்திரேலியப் பிரதிநிதி புரூசை வற்புறுத்தினார்.

சோதனைகள் நடந்தன. வேல்சுக் கரைக்கு அப்பாலுள்ள ஸ்கோக்கொம் தீவில் 1936 முதல் 1938 வரை நோயூட்டிய முயல்களை விட்டும் நோய் பரவாது அவிந்தது. காரணம் பின்னரே விளங்கிற்று: அத்தீவு முயல்களில் தெள்ளுப்பூச்சி இல்லை. குருதி குடிக்கும் பூச்சியின் வாயில் ஒட்டிச் செல்லும் கிருமி அது; சுமப்பாரின்றி நெடுந்தூரம் செல்லாது.

அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளரும் முயற்சியைக் கைவிட்டனர். மக்னமாரா விடவில்லை, பத்திரிகைகளிலே கடிந்து எழுதினார். அக்கடுமை சற்று மிகையென்றே எனக்குத் தோன்றுகின்றது. ஆயினும் அஃதின்றேல் 1950 ஆம் ஆண்டுச் சோதனை நிகழ்ந்திருக்குமோ என்பது ஐயமே. மறே ஆற்றுப் பள்ளத்தாக்கில் அம்முறையும் நோய் அவிந்ததென்றே எண்ணினர். ஆண்டிறுதியில் நுளம்பு பெருகிற்று. ஆற்றங்கரை நெடுக முயல்கள் மாண்டன. இமை வீங்கிப் பார்வை இழந்து, பல நாள் வருந்திச் சாகும் சாவு அது. குழந்தைகளின் முடங்கிய கால்களைக் கையிலேந்திய பெண்மணி இதற்கு எங்ஙனம் மனமிசைந்தார் எனச் சிலர் வினவலாம். பாழ்பட்ட நிலத்தை நோக்கி நின்ற உழவனின் துயரே அவர்க்குப் பெரிதாய்த் தோன்றியிருக்கும் என்பது என் துணிபு.

1968 ஒக்ரோபரில் அவர் காலமானார். அவ்வாண்டிறுதியிலே தென்கடலிலுள்ள மக்குவாரித் தீவில் ஐரோப்பிய முயல்தெள்ளைக் கொண்டுபோய் விட்டனர். நோயைச் சுமக்கத்தக்க பூச்சி அங்கு இல்லாமையே காரணம். சினை முயலின் குருதியை உண்டாலன்றி இத்தெள்ளு இனம் பெருக்காது. அது தீவிற் பரவும்வரை பொறுத்திருந்து, 1978 இலேயே வைரசைப் புகுத்தினர். முயற்றொகை பெரிதும் குறைந்தது. பின்னர் எஞ்சியவை நோயைத் தாங்கிப் பெருகவே, நஞ்சூட்டிய இரையாலும் வேட்டை நாய்களாலும் அவற்றை ஒழித்து, 2014 இல் தீவு முயலற்றதென அறிவித்தனர்.